14 வேர்டு ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்ததும் அட்டவணைகள் உருக்குலைந்துவிட்டன. எங்கிருந்து சரிசெய்வது?

கோப்புக்கட்டு கேட்டது:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆண்டறிக்கை ஒன்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 14 பிரிவுகள், 14 வேர்டு ஃபைல்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் தயாரித்தது. தனித்தனியாகத் திறந்து பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது, அட்டவணைகள் கச்சிதமாக நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்தால் கலைந்துபோகின்றன. மொத்தம் 63 அட்டவணைகள். ஒழுங்காக வந்தவை இருபதுகூடத் தேறாது.

கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

3ஆவது ஃபைலில் 11 நெடுவரிசைகள் கொண்ட பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறது. பக்கத்தைப் படுக்கைவாட்டில் வைத்துப் போட்டிருந்தார்கள். சேர்த்த பிறகு பக்கம் நிமிர்ந்துகொண்டது. எட்டு நெடுவரிசைகள் முழுசாகத் தெரிகின்றன, ஒன்பதாவது ஒரு கீற்றளவு தெரிகிறது, 10, 11 இரண்டும் கண்ணிலேயே படவில்லை. எண்கள் அழிந்துவிட்டன என்று நினைத்துப் பதறிப்போனேன்.

6ஆவது ஃபைலில் 40 வரிசைகள் சரியாக ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்தன. இப்போது அதே 40 வரிசைகள் ஒன்றரைப் பக்கம் ஓடுகின்றன. எழுத்தளவு மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துக்குக் கீழே காலி இடம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

7ஆவது ஃபைல் அட்டவணையில் முடிகிறது, 8ஆவது அட்டவணையில் தொடங்குகிறது. நடுவில் ஒரு வெற்று வரி அசிங்கமாக இருந்ததால் அதை நீக்கினேன். இரண்டும் ஒட்டி ஒரே அட்டவணையாகிவிட்டன.

9ஆவது ஃபைல்தான் மோசம். தமிழ் எழுத்துகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகவும் புள்ளி, அடைப்புக்குறிகளாகவும் மாறிவிட்டன.

11ஆவது ஃபைலில் ஓர் அட்டவணை நான்கு பக்கம் போகிறது. தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வர வேண்டும் என்று அதற்கான பட்டனை அழுத்தினேன். எத்தனை முறை அழுத்தினாலும் வரவில்லை.

ஒட்டும்போது ‘கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்’ கொடுத்துப் பார்த்தேன், அது இல்லாமலும் பார்த்தேன். கோடுகளைக் கையால் இழுத்தும் பார்த்தேன். நேற்று இரவு 2 மணி வரை உட்கார்ந்து 20 அட்டவணைகளைச் சரிசெய்தேன். காலையில் மேலே ஒரு பத்தியைத் திருத்தியதும் அதில் பாதி மறுபடி நகர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது வேர்டு 2019. இதற்கு ஏதாவது முறை உண்டா, இல்லை 63ஐயும் கையால்தான் தட்டிக் கொட்ட வேண்டுமா?


நேர்வழி எழுதியது:

கடைசியில் பிடிஎஃப்தானே வேண்டும்? அப்படியானால் வேர்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 14 ஃபைல்களையும் தனித்தனியாகப் பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃப்களை ஒன்றாக இணையுங்கள். ஒரு கோடுகூட நகராது. பக்க எண் தொடர்ச்சியாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபைலிலும் ‘ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்’ போய், தொடங்கும் எண்ணை முந்தைய ஃபைலின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்ததாகக் கொடுத்தால் போதும். நான் எங்கள் அறிக்கைகளை இப்படித்தான் முடிக்கிறேன்.


கோப்புக்கட்டு எழுதியது:

நன்றி. அந்த யோசனை எனக்கும் வந்தது. ஆனால் தொகுத்த ஃபைலை மூன்று பேர் படித்துத் திருத்தம் போட வேண்டும், பொருளடக்கமும் தானாக வர வேண்டும். அதனால் ஒரே வேர்டு ஃபைலாகத்தான் கொடுத்தாக வேண்டும்.


பக்கம்பார்ப்பவன் எழுதியது:

கோப்புக்கட்டு, முதலில் ஒரு நிம்மதியான செய்தி. உங்கள் 10, 11ஆம் நெடுவரிசைகள் அழியவில்லை. ‘வியூ’ போய் ‘டிராஃப்ட்’ அல்லது ‘வெப் லேஅவுட்’ அழுத்திப் பாருங்கள், அப்படியே இருக்கும். பிரிண்ட் லேஅவுட்டில் தாளின் விளிம்பைத் தாண்டியது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் உங்களுக்கே புரியும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால், படுக்கைவாட்டுப் பக்கத்தில் அட்டவணைக்கு 24.62 செ.மீ. கிடைக்கும். நிமிர்ந்த பக்கத்தில் கிடைப்பது 15.92 மட்டும். அந்த 24.62 செ.மீ. அட்டவணை நிமிர்ந்த தாளில் 2.54இல் தொடங்கி 27.16இல் முடியும். தாளோ 21இலேயே முடிந்துவிடுகிறது. மீதி 6 செ.மீ.க்கு மேல் காற்றில் தொங்குகிறது. 11 நெடுவரிசைகளும் சம அகலம் என்றால் எட்டாவது 20.44இல் முடியும், ஒன்பதாவதில் அரை செ.மீ.தான் தாளுக்குள் இருக்கும். நீங்கள் சொன்ன கீற்று அதுதான்.

சரி, பக்கம் ஏன் நிமிர்ந்தது? பலரும் தவறவிடுகிற இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பக்கத்தின் திசை, ஓரம், மேல்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் ‘செக்‌ஷன்’ என்ற பகுதிக்குச் சொந்தம். ஒரு பகுதியின் அமைப்பு அதன் தலையில் இல்லை, வாலில் இருக்கிறது. நடுவில் உள்ள பகுதிகளுக்கு அந்த வால்தான் செக்‌ஷன் பிரேக். ஆனால் ஃபைலின் கடைசிப் பகுதிக்குக் கண்ணுக்குத் தெரிகிற பிரேக் கிடையாது. அதன் அமைப்பு ஃபைலின் கடைசியில், ஃபைலுக்கே உரியதாக எழுதப்பட்டிருக்கும். டாக்எக்ஸ் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஸிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் உரையெல்லாம் முடிந்த பிறகு கடைசி அடைப்பாக அது நிற்பதைப் பார்க்கலாம். நீங்கள் உள்ளடக்கத்தை எடுத்து இன்னொரு ஃபைலில் வைக்கும்போது உரையும் அட்டவணையும் வருகின்றன, அந்த வால் வருவதில்லை. வந்து சேர்ந்த பகுதி, தான் போய் உட்கார்ந்த ஃபைலின் வாலுக்குக் கட்டுப்படுகிறது. பக்கம் நிமிர்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, கன்ட்ரோல்+என்ட் அழுத்திக் கடைசிக்குப் போய், ‘லேஅவுட் – பிரேக்ஸ் – நெக்ஸ்ட் பேஜ்’ என்று ஒரு செக்‌ஷன் பிரேக் போடுங்கள். இப்போது அந்த ஃபைலின் பக்க அமைப்பு முழுவதும் அந்தப் பிரேக்குக்குள் வந்துவிடும். அது உரையோடு சேர்ந்து பயணம் செய்யும். 14 ஃபைல்களுக்கும் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சேர்த்த பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தால் இரவு 2 மணி என்ன, விடிந்தாலும் முடியாது. நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் 300 பக்கத் தொகுப்பு ஒன்றை இப்படிக் கையால் திருப்பி, கடைசி நாளில் ஒரு பிரிவு திருத்தி அனுப்பியதால் மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறேன். அந்த வலி தெரிந்துதான் சொல்கிறேன். மூல ஃபைலில் செய்த திருத்தம் நிற்கும், சேர்த்த ஃபைலில் செய்த ஒட்டுவேலை அடுத்த முறை போய்விடும்.

அடுத்தது உங்கள் 40 வரிசை.

இரண்டு ஃபைல்களிலும் ஒரே பெயரில் ஸ்டைல் (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேமித்து வைக்கும் அமைப்பு) இருந்தால், உள்ளே வருகிறவருடைய ஸ்டைல் தோற்றுப்போகும், வீட்டுக்காரருடைய ஸ்டைல்தான் ஜெயிக்கும். ‘நார்மல்’ என்ற பெயர் எல்லா ஃபைலிலும் இருக்கிறது. வேர்டு 2013, 2016, 2019 பதிப்புகளில் புது ஃபைல் திறந்தால் பத்திக்குக் கீழே 8 பாயின்ட் இடைவெளி, வரி இடைவெளி 1.08. அதற்கு முன் 2007இல் 10 பாயின்ட், 1.15. ‘டேபிள் கிரிட்’ ஸ்டைல் இந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கிவிடும், அதனால் சாதாரணமாக அட்டவணைக்குள் இடைவெளி தெரியாது. ஆனால் யாராவது நார்மல் ஸ்டைலையே திறந்து, அதில் இடைவெளியை நேரடியாகப் பதிந்திருந்தால் கதை மாறிவிடும். பத்தி ஸ்டைலில் எழுதியது அட்டவணை ஸ்டைலில் எழுதியதை மீறும். நீங்கள் சேர்க்கும் தாய் ஃபைலில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு பாயின்ட் என்பது 0.353 மி.மீ., 8 பாயின்ட் என்றால் 2.82 மி.மீ. 40 வரிசைக்கு 11 செ.மீ.க்கு மேல் கூடும். ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆனது இதனால்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு இருக்காதீர்கள். தாய் ஃபைலில் ‘அட்டவணை எழுத்து’ என்று புதிதாக ஒரு பத்தி ஸ்டைல் உருவாக்குங்கள். மேலே 0, கீழே 0, ஒற்றை வரி இடைவெளி, எழுத்துரு, அளவு எல்லாம் அதிலேயே. பிறகு அதே பெயரில் அதே ஸ்டைலை ஒவ்வொரு மூல ஃபைலிலும் வைத்து, அட்டவணையைத் தேர்ந்தெடுத்து அந்த ஸ்டைலைக் கொடுங்கள். நார்மலுக்கு என்ன நடந்தாலும் இனி அட்டவணை அசையாது. தலைப்பு வரிசைக்குத் தனியாக ‘அட்டவணைத் தலைப்பு’ என்று ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அகலம் பற்றி. அட்டவணையில் க்ளிக் செய்து ‘டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்’ திறங்கள். ‘டேபிள்’ பக்கத்தில் ‘ப்ரிஃபர்டு விட்த்’ என்பதில் செ.மீ.க்குப் பதில் 100 சதவீதம் கொடுங்கள். அப்போது பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நிற்கும். அதே இடத்தில் ‘டெக்ஸ்ட் ராப்பிங்’ என்பது ‘அரவுண்ட்’ என்று இருந்தால் ‘நன்’ ஆக்குங்கள். யாரோ எப்போதோ அட்டவணையை மூலையில் பிடித்து இழுத்திருந்தால் அது ‘அரவுண்ட்’ ஆகியிருக்கும். மேலே ஒரு பத்தியைத் திருத்தியதும் பாதி அட்டவணைகள் நகர்ந்துவிட்டன என்றீர்களே, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மிதக்கிற அட்டவணை தன் இடத்தில் நிற்காது. பிறகு ‘ஆப்ஷன்ஸ்’ பட்டனை அழுத்தி, உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாற்றும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். நீளமான சொல் ஒன்று வந்தால் பக்கத்து நெடுவரிசையை நசுக்கும் பழக்கம் அதோடு ஒழியும்.

சேர்ப்பதற்குக் காப்பி-பேஸ்ட் வேண்டாம். தாய் ஃபைலில் ‘இன்செர்ட் – ஆப்ஜெக்ட்’ பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி ‘டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்’ எடுங்கள். ஒரே நேரத்தில் 14ஐயும் தேர்ந்தெடுக்க விடும், ஆனால் நான் ஒவ்வொன்றாகத்தான் சேர்ப்பேன். ஒன்று சேர்த்ததும் அதன் முதல் அட்டவணையையும் கடைசி அட்டவணையையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். எந்த ஃபைல் கெடுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

7, 8 ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நீங்கள் நீக்கிய அந்த வெற்று வரிதான். இரண்டு அட்டவணைகள் தனித்தனியாக இருக்க நடுவில் ஒரு பத்திக்குறி கட்டாயம் வேண்டும். ஒட்டியதைப் பிரிக்க, இரண்டாவதன் முதல் வரிசையில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர் அழுத்தலாம். ஆனால் ஒட்டும்போது இழந்த ஸ்டைல் அதனால் திரும்பாது, அதனால் 8ஆவதை மூலத்திலிருந்து மறுபடி கொண்டுவருவதே சுத்தம். இனி எல்லா ஃபைலின் கடைசியிலும் செக்‌ஷன் பிரேக் இருக்கப் போவதால் இந்தச் சிக்கல் தானாகவே வராது.

11ஆவது ஃபைலில் தலைப்பு வரிசை திரும்பாததற்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த ஃபைலைத் திறந்து, அட்டவணையில் கர்சரை வைத்து, ‘டேபிள் லேஅவுட்’ பக்கத்தில் ‘வியூ கிரிட்லைன்ஸ்’ அழுத்திப் பாருங்கள். அட்டவணையைச் சுற்றி வெளியே இன்னொரு புள்ளிக்கோட்டுப் பெட்டி தெரிகிறதா என்று சொல்லுங்கள்.


மேக்ரோப்பிரியன் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. 9ஆவது ஃபைல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல். அதற்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அடித்தவர் நார்மல் ஸ்டைலிலேயே பாமினியை வைத்திருப்பார். சேர்த்ததும் உங்கள் நார்மல் ஜெயித்தது, முகம் கழன்றது, உள்ளே இருந்த ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. சேர்த்த இடத்தில் எழுத்துருவை மாற்றி ஒப்பேற்றாதீர்கள். தேடினால் கிடைக்காது, பொருளடக்கத்தில் வராது, வேறு கணினியில் திறந்தால் மறுபடி போகும். மூல ஃபைலிலேயே யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: அட்டவணையை மொத்தமாக எடுத்து மாற்றியில் போட்டால், நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். நெடுவரிசை நெடுவரிசையாக எடுத்து மாற்றுங்கள்.

இன்னொன்று, தமிழில் வேலை செய்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கன்ட்ரோல்+டி அழுத்தி ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் மேலே லத்தீன் எழுத்துக்கு ஓர் இடம், கீழே ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இன்னோர் இடம் இருக்கும். தமிழ் இந்தக் கீழ் இடத்துக்குத்தான் கட்டுப்படும். அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு. மேலே 10 என்று மாற்றிவிட்டு, கீழே 12 அப்படியே நிற்பதைக் கவனிக்காமல் விட்டால், எண்கள் சின்னதாகவும் தமிழ் பெரிதாகவும் வரிசைகள் உயரமாகவும் வரும். ஒரு ஃபைலில் லதா, இன்னொன்றில் நிர்மலா என்று கலந்தாலும் வரிசை உயரம் ஒன்றுபோல் வராது. ‘அட்டவணை எழுத்து’ ஸ்டைலை உருவாக்கும்போது இரண்டு இடத்தையும் நிரப்புங்கள்.

உயரத்தைக் குறைக்கிறேன் என்று வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுக்காதீர்கள். ‘கீ’, ‘தீ’ ஆகியவற்றின் மேல்சுழி வெட்டுப்படும். ‘கீழ்’ என்பது ‘கிழ்’ போலத் தெரிந்த ஒரு அட்டவணையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அச்சுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வரிசை உயரத்திலும் ‘அட் லீஸ்ட்’ மட்டும் வையுங்கள். அங்கே ‘எக்ஸாக்ட்லி’ இருந்தால் கட்டத்தின் இரண்டாவது வரி மறைந்துபோகும்.

63 அட்டவணைகளுக்கும் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஃபைலில் உள்ள எல்லா அட்டவணைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டோஃபிட்டை அணைத்து, சுற்று உரையை நீக்கி, இடது உள்தள்ளலைப் பூஜ்யமாக்கி, அகலத்தை 100 சதவீதமாக்கும் மேக்ரோ (வேர்டு தானாகச் செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பு) ஆறேழு வரிதான். உங்களுக்கு அனுப்புகிறேன். தலைப்பு வரிசையை மட்டும் அதில் சேர்க்கவில்லை. மேலும் கீழுமாகக் கட்டங்களை இணைத்திருக்கும் அட்டவணையில் வரிசைகளைத் தனித்தனியாகத் தொட விடாமல் வேர்டு பிழை காட்டும், மேக்ரோ பாதியில் நின்றுவிடும். அவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும்.


கோப்புக்கட்டு எழுதியது:

பக்கம்பார்ப்பவன் ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது அப்படியே சரி. 11ஆவது ஃபைலில் கிரிட்லைன்ஸ் போட்டதும் பக்கத்தைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு பெரிய பெட்டி வந்தது. அந்த ஃபைல் முழுவதையும் கோடில்லாத ஒரே ஒரு கட்டத்துக்குள் அடித்து வைத்திருக்கிறார்கள். நான்கு பக்க அட்டவணை அதற்குள் இருக்கிறது. இதை எப்படி வெளியே எடுப்பது?

மேக்ரோப்பிரியன், உங்களுக்கும் நன்றி. 9ஆவது ஃபைலை நெடுவரிசை நெடுவரிசையாக மாற்றி முடித்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் அட்டவணையை நீங்கள் வேண்டாம் என்றபடியே மொத்தமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், அளவுகளின் பெயர்கள் எல்லாம் கெட்டுப்போயின. பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன்.


பக்கம்பார்ப்பவன் எழுதியது:

அட்டவணைக்குள் அட்டவணை இருந்தால் உள்ளே இருப்பதன் தலைப்பு வரிசை பக்கத்துக்குப் பக்கம் திரும்பாது. அதனால்தான் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

வெளியே உள்ள பெட்டியில், உள் அட்டவணைக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒரு வரியில் கர்சரை வையுங்கள். ‘டேபிள் லேஅவுட்’ பக்கத்தில் ‘கன்வெர்ட் டு டெக்ஸ்ட்’ அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘பேராகிராஃப் மார்க்ஸ்’ தேர்ந்தெடுத்து, அடியில் உள்ள ‘கன்வெர்ட் நெஸ்டட் டேபிள்ஸ்’ என்பதில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். டிக்கை விட்டால் உள்ளே உள்ள அட்டவணையும் சேர்ந்து வெறும் உரையாகிவிடும். எடுத்தால் வெளிப்பெட்டி மட்டும் கரைந்துபோய் உள்ளது அப்படியே நிற்கும். பிறகு தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ கொடுங்கள், வரும்.

அந்த ஃபைலில் இன்னொன்றும் பாருங்கள். தலைப்பு வராததால் அடித்தவர் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் தலைப்பைக் கையால் அடித்திருக்கக்கூடும். இப்போது பக்கங்கள் நகர்ந்ததும் அந்தப் பழைய தலைப்புகள் நடுப்பக்கத்தில் வந்து நிற்கும். தேடி நீக்கிவிடுங்கள்.


கோப்புக்கட்டு எழுதியது:

கையால் அடித்த தலைப்பு மூன்று இடத்தில் இருந்தது, நீக்கிவிட்டேன். நான்கு பக்கத்திலும் தலைப்பு இப்போது தானாக வருகிறது!

14 ஃபைல்களுக்கும் பிரேக் போட்டு, ஸ்டைல் கொடுத்து, 2ஆவதைத் தவிர மற்றவற்றில் மேக்ரோவையும் ஓட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். 3ஆவது ஃபைல் படுக்கைவாட்டில் அப்படியே வந்து உட்கார்ந்தது, 11 நெடுவரிசையும் தெரிகின்றன. 6ஆவதில் 40 வரிசை ஒரே பக்கத்தில். இரண்டு விஷயம் மட்டும் மிச்சம்.

ஒன்று, 6ஆவது முடிந்ததும் ஒரு வெற்றுப் பக்கம் வருகிறது. டிலீட் அழுத்தினால் போகவில்லை. பிரேக்கையே நீக்கினால் வெற்றுப் பக்கம் போகிறது, ஆனால் பக்க அமைப்பு கெடுகிறது.

இரண்டு, மேக்ரோ ஓட்ட மறந்த 2ஆவது ஃபைலில் ஓர் அட்டவணை மற்றவற்றைவிட ஒரு மயிரிழை உள்ளே தள்ளி நிற்கிறது. அளந்தால் 2 மி.மீ.கூட இல்லை, ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் கண்ணை உறுத்துகிறது.


பக்கம்பார்ப்பவன் எழுதியது:

வெற்றுப் பக்கம்: அட்டவணை பக்கத்தின் அடிவரை நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தே தீர வேண்டும், செக்‌ஷன் பிரேக்கும் அந்தப் பத்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இடமில்லாததால் அது அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது, அங்கிருந்து இன்னொரு புதுப் பக்கம் தொடங்குகிறது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்திப் பத்திக்குறிகளைக் காட்டச் செய்து, பிரேக் இருக்கும் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தளவு 1, முன்னும் பின்னும் இடைவெளி 0, வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ 1 பாயின்ட். எழுத்தே இல்லாத பத்தி என்பதால் இங்கே ‘எக்ஸாக்ட்லி’யால் கெடுதல் இல்லை. அது சுருங்கி அட்டவணைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் போகவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்தை 2 மி.மீ. குறைத்தால் போதும்.

2 மி.மீ. உள்ளே நிற்பது: 1.9 மி.மீ. இருக்கும், அளந்து பாருங்கள். கட்டத்தின் இடது உள் ஓரம் இயல்பாக 0.19 செ.மீ. பழைய பதிப்பின் முறையில் உருவான ஃபைலில் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துதான் பக்க ஓரத்தோடு நேராக நிற்கும், அட்டவணையின் கோடு 0.19 வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2013 முறையில் கோடே ஓரத்தோடு நேராக நிற்கும். பழைய ஃபைலில் கோடு நீட்டிக்கொண்டிருந்தது பிடிக்காமல் யாரோ இடது உள்தள்ளலில் 0.19 கொடுத்து நேராக்கியிருப்பார், கவனமாக வேலை செய்தவர். உங்கள் தாய் ஃபைல் புதுமுறை என்பதால் இப்போது அந்த 0.19 கூடுதலாகிவிட்டது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ‘இண்டென்ட் ஃப்ரம் லெஃப்ட்’ என்பதைப் பூஜ்யமாக்குங்கள். மூல ஃபைலிலும் மாற்றிவிடுங்கள், அடுத்த முறை திருத்தி அனுப்பும்போது மறுபடி வராது.


கோப்புக்கட்டு எழுதியது:

0.19 என்றே இருந்தது. பூஜ்யமாக்கியதும் நேராக வந்துவிட்டது. வெற்றுப் பக்கமும் போய்விட்டது, ஓரத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இன்று மாலை 5ஆவது பிரிவிலிருந்து திருத்திய ஃபைல் வந்தது, இரண்டு அட்டவணைகள் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் பிரேக் போட்டு, ஸ்டைல் கொடுத்து, மேக்ரோ ஓட்டி, பழைய பகுதியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். மற்ற அட்டவணை ஒன்றுகூட அசையவில்லை. 65 அட்டவணைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஃபைலை அனுப்பிவிட்டேன். உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி.